சான்றாவணம் எண் ஒன்று

முதல் கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும்: நீள மேசையின் தலைமாட்டில், சுழலும் நாற்காலியில், செவிலியர் பதிவு மன்றத்தின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் பதிவாளர். முன்னால் விதிப்புத்தகம், அதன்மேல் அவருடைய இரண்டு முழங்கைகள். இடப்பக்கம் கணினிப் பொறுப்பாளர், எந்த நிமிடமும் எழுந்து போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பவர்போல நாற்காலியின் விளிம்பில். மேசையின் கால்மாட்டில், கதவைத் திறந்தால் முதுகில் இடிக்கும் இடத்தில், நான். தலைவருக்குப் பின்னால் சுவரில் தலைவரின் படம். அதையும் சேர்த்தால் ஐந்து பேர். கூட்டம் நடத்த ஐந்து பேர் வேண்டும் என்று விதி.

கதவுக்கு வெளியே, பெஞ்சில், தபால் அக்கா. அனுப்புகைப் பிரிவு எழுத்தர். பணி இடைநீக்கத்தில் இருந்தார். இடைநீக்கத்தில் இருப்பவர்கள் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை எதுவும் செய்யாமல் ஐந்து மணிவரை இருக்க வேண்டும். அவர் கூட்டத்தில் இல்லை. ஆனால் கூட்டம் முழுவதும் அவருக்குக் கேட்டது.

கூட்டத்தின் பெயர் "கோப்பு மீட்பு மற்றும் மாண்பு காப்புக் குழு". கோப்புகள் பூட்டப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் எட்டு நாள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை பதிவாளருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. இந்த ஆண்டின் தலைசிறந்த நிர்வாகி என்ற விருதுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இணைப்பைத் திறந்து உறுதி செய்யவும் என்று இருந்தது. திறந்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். வேறு யாருடைய கணினியிலாவது விருது தெரிகிறதா என்று பார்க்க எல்லாப் பிரிவுகளுக்கும் அதை அனுப்பி, கூடவே ஒரு சுற்றறிக்கையும் விட்டார்: "பணியாளர் அனைவரும் மேற்படி இணைப்பை இன்று மாலை ஐந்து மணிக்குள் திறந்து, திறந்த விவரத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் திறந்தார்கள். முப்பத்தொரு பேரும் திறந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகம்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன. இருபது நாட்களுக்குள் கேட்கும் தொகையைக் கொடுத்தால் திறக்கும் சாவி தரப்படும். இல்லையேல் அழிக்கப்படும்.

பூட்டப்பட்டவற்றில் ஒன்று செவிலியர் பதிவேடு. அதில் ஒரு வரி நான்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் மற்ற வார்டுகளில் எட்டு வருடம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இது என் முறை. என்னோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. யாருடைய பதிவையும் இப்போது உறுதி செய்ய இயலாது என்று மன்றம் எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுதிவிட்டது. எங்கள் மருத்துவமனை நிர்வாக அலுவலர் அதைப் படித்த அன்றே என்னை வார்டிலிருந்து எடுத்துச் சலவை அறைக்குப் போட்டார். போர்வை மடிக்கிற வேலை. அடுத்த மாதக் கடைசிக்குள் மன்றத்தின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரு தாள் வராவிட்டால் என் இடம் காலியாகக் கருதப்படும் என்றார். "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல சிஸ்டர். தாள் மேலதான்" என்றார். வார்டில் பன்னிரண்டு குழந்தைகள். ஒன்று தொள்ளாயிரம் கிராம். பார்த்துக்கொள்ள, படிப்பு முடித்து மூன்று மாதம் ஆன ஒரு பெண்.

மன்றத்துக்கு நான் பதினொரு கடிதம் எழுதினேன். ஒரே பொருளில் பத்துக்குமேல் எழுதுகிறவரைச் சம்பந்தப்பட்டவர் என்று கருதிக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டுமாம். அப்படித்தான் எனக்கு அந்தக் கால்மாட்டு நாற்காலி கிடைத்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க இந்த மன்றத்தோட பொண்ணு மாதிரி. உங்க கஷ்டம் எங்க கஷ்டம். முதல்ல அந்த மிரட்டல் கடிதம் என்ன ஆச்சுன்னு பதிவாளர் சொல்வாரு."

பதிவாளர் கோப்பைப் பிரித்தார். "திரையில வந்ததை அச்செடுத்து, வரவு எண் போட்டோம் சார். ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. பரிசீலிச்சதுல பல குறைபாடுகள் தெரிஞ்சது. அனுப்புநர் முகவரி இல்ல. கையெழுத்து இல்ல. பொருள்னு ஒரு வரி இல்ல. நமக்கு வர்ற எந்த விண்ணப்பமும் இரண்டு பிரதியில இருக்கணும், இது ஒண்ணுதான் இருக்கு. அதனால விருது வந்த மின்னஞ்சலுக்கே குறைபாட்டுக் கடிதம் அனுப்பியாச்சு. ஏழாம் படிவத்துல, அடையாளச் சான்றோட மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கோம்."

"திருடனுக்கா சார்?" என்றேன்.

"விண்ணப்பதாரருக்கு" என்றார்.

"பதில் வந்துச்சா?" தலைவர் கேட்டார்.

"நாலு நிமிஷத்துல வந்துச்சு சார். என் முப்பது வருஷச் சர்வீஸ்ல இவ்வளவு சீக்கிரம் பதில் போட்ட ஒரு அலுவலகத்தை நான் பார்த்ததில்ல."

பதிலைக் கணினிப் பொறுப்பாளர் படித்தார். முன்பு அவர் மன்றத்தின் தட்டச்சு இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். இயந்திரங்களை ஏலம் விட்ட அன்று அவருக்கு இந்தப் பதவியைக் கொடுத்தார்கள்; எண்ணெய்ப் புட்டியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதிலில் இருந்தது: "உங்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக, நீங்கள் அனுப்பும் ஏதாவது ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து தருகிறோம். ஒன்றே ஒன்று."

எனக்கு அன்றுதான் முதன்முறையாக உடம்பு லேசானது. "பதிவேடு ஒரே கோப்புதானே சார்?" என்று பொறுப்பாளரைக் கேட்டேன்.

"ஒரே கோப்புதான் சிஸ்டர். அதுலயே எல்லாரும் இருக்கீங்க."

"அப்போ அதை அனுப்புங்க. முடிஞ்சது."

பதிவாளர் விதிப்புத்தகத்திலிருந்து முழங்கைகளை எடுத்தார். "முடியாது. பதிவேடு ரகசிய ஆவணம். வெளியாளுக்குக் காட்ட விதி இடம் தராது."

"அது அவங்ககிட்டதானே சார் இருக்கு?"

"இருக்கலாம். நாமளா கொடுத்ததா இருக்கக் கூடாது."

தலைவர் கண்ணை மூடித் தலையசைத்தார். ரகசியம் இல்லாத ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், பதிவாளர், படம். அந்தக் குழு மூன்று நாள் கூடி, ஆயிரக்கணக்கான கோப்புகளில் யாருக்கும் ரகசியம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தது: போன வருடம் கணினி அறைத் திறப்பு விழாவில் தலைவர் ஆற்றிய உரை.

அடுத்த கூட்டத்தில் அது திறந்து வந்திருந்தது. ஒரு எழுத்துகூடச் சிதையாமல். திருடன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். தலைவர் அதை எழுந்து நின்று படித்தார்.

"இன்று முதல் இந்த மன்றத்தின் கோப்புகளை எந்தச் சக்தியாலும் தொட முடியாது. பெற்ற தாய் பிள்ளையைக் காப்பதுபோல இந்த அறை நம் பதிவேட்டைக் காக்கும். பாதுகாப்பில் நாம் ஒரு படி முன்னால் நிற்கிறோம். மற்ற மன்றங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வரும் நாள் தொலைவில் இல்லை. காகிதம் கிழியும், கரையான் அரிக்கும். கணினி அப்படிப்பட்டதல்ல. ஆகவே பழைய காகிதப் பதிவேடுகள் அனைத்தையும் எடைக்குப் போட ஆணையிட்டிருக்கிறேன் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்." இந்த இடத்தில் கோப்பில் அடைப்புக்குறிக்குள் "கைதட்டல்" என்று இருந்தது. அதையும் படித்தார். பதிவாளர் கைதட்டினார்.

"நல்ல பேச்சு சார்" என்றார் பதிவாளர். "இது போயிருந்தா இழப்புதான்."

"நகல் எடுத்து வைக்கலையா?" என்று பொறுப்பாளரைக் கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தினமும் எடுத்தேன் சிஸ்டர். ஒரு நாள் தவறல. ஆனா நகல் அலுவலகத்தை விட்டு வெளிய போகக் கூடாது, மூலத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு உத்தரவு. அதே கணினியில, பக்கத்துக் கோப்புறையில வச்சேன். திருடன் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிட்டான்."

இருபது நாள் கெடு தாண்டியும் கோப்புகள் அழியாமல் பூட்டியபடியே கிடந்தன. பணம் கட்டவில்லை. அதற்குத் தொகை ஒதுக்க வரவுசெலவுக் கணக்கில் தலைப்பு எதுவும் இல்லாததுதான் காரணம். ஆனால் கெடு முடிந்த அன்று மாலை வாசலில் ஒலிபெருக்கி வைத்து, திருடனுக்கு மன்றம் அடிபணியாது என்று தலைவர் அறிவித்தார். ஏழாம் படிவத்தை எதிர்பார்த்து வரவு எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு நிலுவையில் வைக்கப்பட்டது.

மூன்றாவது கூட்டத்துக்கு நான் என் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். மன்றமே கொடுத்தது. மன்றத்தின் சின்னம், எண், தேதி. மேசைமேல் வைத்து, "இதைப் பார்த்து எழுதிக்கிட்டா பதிவேடு திரும்ப வந்துரும் சார். நானூத்திப் பன்னிரண்டு பேரும் கொண்டு வந்து காட்டுவோம்" என்றேன்.

பதிவாளர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "இது சரியான சான்றிதழான்னு எப்படித் தெரியும்? பதிவேட்டோட ஒப்பிடணும். பதிவேடு எங்க? பூட்டிக் கிடக்கு. அது திறந்தா இதை ஒப்பிட்டுடலாம்."

"திறந்தா எனக்கு இது எதுக்கு சார்?"

"அதுதான் நானும் சொல்றேன்."

"அப்போ இருபத்திரண்டு வருஷமா நான் பார்த்த வேலை?"

"அது அனுபவம். அங்கீகாரம் வேற." குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்களைச் சிஸ்டர்னு கூப்பிடறதுகூடச் சரியில்ல. அது மன்றமே அங்கீகரிச்ச மாதிரி ஆயிடும். அம்மான்னு கூப்பிடறேன். அதுக்குப் பதிவு வேண்டாம்."

என் மகன் தினமும் கூப்பிடும் சொல்தான், ஒருநாளும் இப்படி வலித்ததில்லை. எழுந்தேன். கதவு முதுகில் இடித்தது. மாதக் கடைசிக்குப் பதினொரு நாள்.

படிக்கட்டில் தபால் அக்கா என்னை நிறுத்தினார். ஐம்பது தாண்டியவர். மடியில் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம்.

"என்ன சிஸ்டர், அம்மா ஆயிட்டீங்களாமே."

"கேட்டுச்சா?"

"அந்தக் கதவு ஒட்டுப்பலகை. உள்ள பெருமூச்சு விட்டாக்கூடக் கேக்கும். உக்காருங்க. ஆறு எழுத்து, முதல் எழுத்து மு, பயனில்லாத வேலை. என்னவா இருக்கும்?"

"தெரியலக்கா. உங்களை எதுக்கு இடைநீக்கம் பண்ணாங்க?"

"அந்த விருதைத் திறக்கல. விருது அவருக்கு வந்தது, நான் எதுக்குத் திறக்கணும்? அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஆணையை மீறினேன்னு குற்றச்சாட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்போ உங்க கணினி பூட்டல."

"பூட்டல. ஆனா சீல் வச்சிருக்காங்க. துணி சுத்தி, அரக்கு ஊத்தி, என் பிரிவுலயே இருக்கு. நான் கீழ்ப்படியலைங்கறதுக்கு அதுதான் சாட்சி. திறக்காத விருது உள்ள அப்படியே இருக்கில்ல. யாரும் தொடக் கூடாது."

"உள்ள வேற என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? அனுப்பின கடிதம்தான். ஒவ்வொரு சான்றிதழோடயும் முகப்புக் கடிதம் ஒண்ணு போகும்ல. 'இன்னாருக்கு, இந்தப் பதிவு எண், இந்தத் தேதி வரை செல்லும்.' அஞ்சு வருஷத்துக் கடிதம். ஆளுக்கு ஒரு பக்கம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பென்சிலைக் காதில் செருகினார். "அடியாத்தி. எல்லாரும் அதுல இருக்கீங்களே."

"போய்ச் சொல்லலாமா?"

"சொன்னா துணைக்குழு போடுவாங்க. சாட்சியைத் தொட்டா விசாரணை கெட்டுப் போயிரும்னு அது மூணு மாசம் பேசும். சும்மா இருங்க."

நான் சும்மா இருக்கவில்லை. அவருடைய குற்றச்சாட்டுத் தாளை வாங்கிப் படித்தேன். நான்காவது பத்தியில் இருந்தது: "மேற்படி கணினியும் அதிலுள்ள அனைத்தும் சான்றாவணம் எண் ஒன்று." பிறகு தாளின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில்: குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால், அவருக்கு எதிரான சான்றாவணங்கள் அனைத்தின் உண்மை நகல்களையும், பக்கத்துக்குப் பக்கம் முத்திரையிட்டுக் கையொப்பமிட்டு, பத்து நாட்களுக்குள் தர வேண்டும்.

"அக்கா, வெள்ளைத் தாள் இருக்கா?"

படிக்கட்டிலேயே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வையில் குற்றச்சாட்டுத் தாளின் எண்ணும் தேதியும். ஐயா என்று ஆரம்பித்து, சான்றாவணம் எண் ஒன்றின் நகல் இல்லாமல் தன்னால் பதில் சொல்ல இயலவில்லை என்று தாழ்மையோடு தெரிவித்து, இரண்டு பிரதி. தபால் அக்கா கையெழுத்துப் போட்டார். "தாழ்மைங்கற சொல்லை எடுத்துரலாமா?" என்றார். அது இருந்தால்தான் சீக்கிரம் நகரும் என்றேன்.

பதிவாளர் அதைப் படித்து மகிழ்ந்துபோனாராம். பொறுப்பாளர் பிறகு சொன்னார். "முப்பது வருஷத்துல குறைபாடே இல்லாத ஒரு விண்ணப்பம்" என்றாராம். அரக்கு உடைக்க மூன்று சாட்சிகளை வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்டார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. அச்சிட இரண்டு நாள். கையெழுத்துப் போட நான்கு நாள். ஒவ்வொரு பக்கத்திலும் "உண்மை நகல்" முத்திரை, கீழே பதிவாளரின் முழுக் கையெழுத்து, தேதி. சுருக்கொப்பம் போடலாமே என்று பொறுப்பாளர் சொன்னதற்கு, விதியை விட்டுக் கையை மிச்சம் பிடிக்கிறவன் நான் இல்லை என்றாராம். நான்காம் நாள் அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. படிக்கட்டில் என்னைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். வெந்நீர் ஒத்தடம் சொன்னேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நகல்கள் நான்கு அட்டைப்பெட்டிகளில் தபால் அக்காவின் வீட்டுக்கு வந்தன. அவர் வீட்டுக்காரரும் மகளும் நானும் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பெயர்வாரியாகப் பிரித்தோம். என் பக்கம் மூன்றாம் பெட்டியில் இருந்தது. என் பெயர், என் எண், முத்திரை, வீங்கிய மணிக்கட்டின் கையெழுத்து.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அதை எங்கள் நிர்வாக அலுவலரிடம் நீட்டினேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவில்லை. நேராகக் கீழே பார்த்தார்.

"முத்திரை இருக்கு. கையெழுத்து இருக்கு. பச்சை மையா?"

"பச்சை மை சார்."

"போதும். நாளைக்கு வார்டுக்கு வந்துடுங்க."

அன்று மாலைக்குள் தொலைபேசி விஷயத்தை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. தபால் அக்கா வீட்டு வாசலில் செவிலிகள் வரிசையில் நின்றார்கள். பேர் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். முந்நூற்றுத் தொண்ணூறு பேர் வாங்கியபின் மன்றம் விழித்துக்கொண்டது.

அவசரக் கூட்டத்தில் அவரவர் இடம் மாறவில்லை. தலைவர் மேசையைத் தட்டினார். "ஒழுங்கு நடவடிக்கைக்காகக் கொடுத்த தாள் அது. அதை வச்சு ஊரெல்லாம் வேலைக்குப் போறீங்க. மன்றத்தோட மாண்பு என்னாகிறது? நாங்க உறுதி செய்யறதுக்கு முன்னாடியே நீங்க எல்லாம் உறுதியாயிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு?"

கேட்டுவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார்.

நான் பதிவாளரைக் கேட்டேன். "சார், இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"உண்மை நகல்னா என்ன சார்?"

"மூலத்தோட ஒப்பிட்டு, சரியா இருக்குன்னு நான் பொறுப்பேத்துக்..." அங்கே நின்றுவிட்டார்.

"ஒப்பிட்டீங்களா?"

ஒப்பிட்டேன் என்றால் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் செவிலிகள். இல்லை என்றால் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பொய்க் கையெழுத்து. பதிவாளர் விதிப்புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பொறுப்பாளர் முதல்முறையாக நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள்.

மறுநாளே மன்றத்திலிருந்து எனக்கு நோட்டீசு வந்தது. சான்றாவணம் எண் ஒன்றின் பக்கங்கள் அனைத்தையும் ஏழு நாட்களுக்குள் மன்றத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. வரிசையின் கடைசியில் இருந்த இருபத்திரண்டு பேர் இன்னும் தங்கள் பக்கத்தை வாங்கியிருக்கவில்லை. அன்று இரவுக்குள் அவர்களையும் வரவழைத்துக் கொடுத்து முடித்தோம். மறுநாள் வார்டில் பணி முடிந்து, தொள்ளாயிரம் கிராம் குழந்தை ஆயிரத்து இருநூற்று நாற்பது ஆகியிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து, தபால் அக்காவுக்காக எழுதியதையும் சேர்த்தால் என் பதின்மூன்றாவது கடிதத்தை எழுதினேன்.

"பெறுநர்: தலைவர், செவிலியர் பதிவு மன்றம். பொருள்: பக்கங்கள் திருப்பித் தரப்படாதது குறித்து. பார்வை: தங்கள் நோட்டீசு.

ஐயா,

பக்கங்களைத் திருப்பித் தர மாட்டோம். அவை உரியவர்களிடம் இருக்கின்றன. நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இன்று பணியில் இருக்கிறோம். அந்தத் தாள்கள் பொய் என்று தாங்கள் கருதினால், அவற்றில் கையெழுத்திட்டவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். உண்மை என்று கருதினால், தபால் அக்காவை அவர் இருக்கையில் மறுபடி உட்கார வைக்கலாம். மன்றத்தில் திறந்திருக்கும் ஒரே கணினி அவருடையது. அவர் சொன்னதைக் கேட்டதால் அல்ல, கேட்காததால்தான் அது திறந்திருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தங்களிடம் பதிவேடு இல்லை. எங்களிடம் இருக்கிறது. வேண்டுமானால் எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு பிரதியில் கேட்டால் போதும்."

இப்படிக்கு என்று எழுதி, பெயருக்குக் கீழே, பதிவு பெற்ற செவிலி என்று போட்டேன். இந்த முறை தாழ்மையோடு என்ற சொல் எங்கும் வரவில்லை. மடித்து, உறைக்குள் வைத்து, ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி ஒட்டினேன். தபால் நிலையம் மூடக் கால்மணி நேரம் இருந்தது. எடை போட்ட பெண், "பதிவுத் தபாலா, சாதாவா?" என்று கேட்டாள்.

"பதிவு" என்றேன்.

முத்திரை குத்தி, பின்னாலிருந்த பைக்குள் போட்டாள்.